செக்றோலும் பள்ளி இடாப்பும்: மலைநாட்டுத் தோட்டப் பிள்ளையின் கல்வி வரலாறு

தன் பிள்ளை தன்னிலும் மேலான வாழ்வு வாழவேண்டும் என்று விரும்பாத தாய் தந்தையர் உலகில் இலர். உழவனும் வணிகனும், கற்றவனும் கல்லாதவனும் இவ்விருப்பத்தில் ஒருவரே. ஆயினும், விருப்பம் யாவர்க்கும் பொதுவாயிருக்க, அது கைகூடும் வாய்ப்பு யாவர்க்கும் பொதுவாயில்லை. இவ்வேற்றுமை எங்ஙனம் உண்டாயிற்று என்று ஆராய்வது வரலாற்று மாணாக்கனின் கடமைகளுள் ஒன்றாகும்.

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை, பெற்றோர்க்கும் அக்கறையில்லை" என்று கூறுவோரை இன்றும் காண்கிறோம். அவருட் பலர் ஆசிரியர். மேல் வகுப்புகளிற் பாதி இருக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதைக் கண்டு மனம் நொந்து அவ்வாறு கூறுகின்றனர். ஆனால், ஒரு சமூகத்தின் நாட்டத்தை அளவிடுமுன் அச்சமூகத்துக்கு எக்கதவு எப்பொழுது திறந்தது, எப்பொழுது அடைக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். அட்டன், நுவரெலியாப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து அதனைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இவ்வரலாற்றை மூன்று ஏடுகளின் வரலாறாகக் கூறலாம். ஒன்று, தோட்டக் கந்தோரின் செக்றோல். மற்றொன்று, பாடசாலையின் இடாப்பு. மூன்றாவது, அரசாங்கத்தின் வாக்காளர் இடாப்பு. ஒரு பிள்ளையின் பெயர் இவற்றுள் எதில் முதலில் ஏறிற்று, எதில் ஏறாதொழிந்தது என்பதைக்கொண்டே அப்பிள்ளையின் பிற்கால வாழ்வை ஏறக்குறைய முன்கூட்டிக் கூறிவிடலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

கோப்பிக் காலமும் தேயிலைக் காலமும்

இலங்கையின் மத்திய மலைநாட்டிற் கோப்பிச் செய்கை 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகளிற் கண்டியைச் சூழ்ந்த மலைகளெங்கும் பரவிற்று. அதற்கு வேண்டிய உழைப்பாளர் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தனர். கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த அப்பயணத்தில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டின் ஒரு பருவத்துக்குரிய வேலை. ஆதலின் அக்காலத்திற் பெரும்பாலும் ஆடவரே வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். பிள்ளைகள் ஊரிலே தங்கினர். தோட்டத்திற் பாடசாலை வேண்டுமா என்ற வினா அக்காலத்தில் எழாமைக்கு இஃது ஒரு பெருங் காரணம்.

1869இல் கோப்பியின் இலையில் ஒருவகைத் துருநோய் தோன்றிற்று. 1880களில் அச்செய்கை அடியோடு வீழ்ந்தது. அந்நோய் தோன்றுவதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை நட்டிருந்தார். கோப்பி அழிந்த நிலங்களிலும், அதனிலும் உயரமான மலைச்சாரல்களிலும் தேயிலை விரைந்து பரவியது. புகையிரதப் பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. அட்டனும் தலவாக்கலையும் நகரங்களாய் வளர்ந்தது இப்பாதையினாலாகும்.

தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. உரிய நாளிற் பறிக்காவிடின் முற்றிப் பயனற்றுப் போகும். ஆதலின் ஆண்டு முழுவதும் ஆட்கள் தோட்டத்திலேயே இருத்தல் இன்றியமையாததாயிற்று. கொழுந்தெடுக்கும் வேலைக்குத் தோட்டத்தார் பெண்களையே நாடினர். இங்ஙனம் மக்கள் குடும்பங் குடும்பமாய் மலையிற் குடியேறினர். நீண்ட லயங்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு காம்பராவும் அதன் முன்னொரு சிறு திண்ணையும் ஒரு குடும்பத்தின் வீடாயின. பிள்ளைகள் அக்காம்பராக்களிற் பிறந்து, தவழ்ந்து, வளர்ந்தனர். பயிர் மாறியதனால் வாழ்க்கை முறை மாறிற்று. வாழ்க்கை முறை மாறியதனாற் கல்வி என்னும் வினா பிறந்தது.

அவ்வினாவுக்கு விடை காணாமலே பல ஆண்டுகள் சென்றன. ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணத்தைக் கடனாக எழுதிவைத்தான். கடன் தீராமல் ஒருவர் தோட்டம் மாற இயலாது. மாறுவதாயின், கடன் தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து ஆளை ஏற்றுக்கொள்ளும். கடன் மட்டும் ஆளோடு கூடவே செல்லும். இத்துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனிற் பிறந்து கடனில் வளர்ந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் கை ஒரு கை உதவியாய்த் தோன்றியதில் வியப்பில்லை.

செக்றோல்

விடியுமுன் தப்பு ஒலிக்கும். ஆணும் பெண்ணும் பெரட்டுக்களத்திற் கூடுவர். கணக்கப்பிள்ளை வேலையைப் பகிர்ந்து கொடுப்பார். மாலையிற் கொழுந்து நிறுக்கப்பட்டபின், அன்றைய வேலை செக்றோல் என்னும் ஏட்டிற் பதியப்படும். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்து வழக்கிற் 'பேர்' என்பது பெயர். கணக்கு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். "இந்த மாதம் எத்தனை பேர்?" என்றால், எத்தனை நாட்கூலி என்பது பொருள். மனிதனின் பெயரும் அவன் கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இவ்வழக்கு, அவ்வேட்டின் ஆட்சி எவ்வளவு ஆழமாய் வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

இவ்வேட்டிற் பிள்ளைகளுக்கும் இடமிருந்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை வகுக்க வழிசெய்தது. அதன்படி 1929இல் உயர் மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். சட்டத்தின் நோக்கம் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. கங்காணியும் துரையும் விரும்பியபடி கூலி வழங்கும் நிலையை அது மாற்றிற்று. எனினும், பிள்ளையைத் தனியொரு வகைத் தொழிலாளியாக அதே சட்டம் ஏற்றுக்கொண்டது என்பதையும் நாம் மறத்தலாகாது.

இவ்வெண்களைக் கூட்டிப் பார்ப்போம். தாயும் தந்தையும் நாளொன்றுக்கு ஈட்டுவது 97 சதம். ஒரு பிள்ளை வேலைக்குச் சென்றால் அதனோடு 32 சதம் சேரும்; அதாவது குடும்ப வருவாய் மூன்றில் ஒரு பங்கு உயரும். அப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர், அம்மூன்றில் ஒரு பங்கை நாள்தோறும் விட்டுக்கொடுக்கின்றனர். இன்று மாத ஊதியம் பெறும் நம்முள் எத்தனை பேர், பத்தாண்டின்பின் வரக்கூடிய ஒரு நன்மைக்காக வருவாயின் அத்துணைப் பங்கை இழக்க உடன்படுவோம்? தோட்டத்துப் பெற்றோரின் அக்கறையைப் பற்றிப் பேசுவோர் முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

வேலைக்குச் செல்லாத பிள்ளைக்கும் வேலை இருந்தது. தாய் மலைக்குச் சென்றபின் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிற் சேர்ப்பதும், தண்ணீர் எடுப்பதும், விறகு பொறுக்குவதும், தம்பி தங்கையரைப் பார்ப்பதும் மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பாயின. ஆதலின் பாடசாலையிலிருந்து முதலில் நின்றவள் அவளே. தாயின் கூலி தந்தையின் கூலியிலும் குறைந்திருந்ததும், மகளின் படிப்பு மகனின் படிப்பிலும் முன்னரே நின்றதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமானது 1984இலேயாம்.

பள்ளி இடாப்பு

தோட்டத்து மக்கள் கல்வியின் அருமையை அறியாதவர் என்பதற்கு வரலாற்றிற் சான்றில்லை. சட்டம் வருமுன்னரே, எழுத்தறிந்த ஒருவர் மாலை வேளையிற் கோயிற்றிண்ணையிலோ கங்காணி வீட்டு முற்றத்திலோ பிள்ளைகளைக் கூட்டி அரிச்சுவடி கற்பித்த இடங்கள் இருந்தன. மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடுவோரும், பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை இரவு முழுதும் நடத்துவோரும் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெஞ்சில் நிறுத்தியவர். அவருட் பெரும்பாலோர் கையெழுத்திடவும் அறியாதவர். அத்தகைய நினைவாற்றல் கொண்ட மக்களை அறிவிற் குறைந்தவர் என்று எவரும் கூறார்.

கிறித்தவ மிஷனரிமார் தோட்டங்களிற் பணியாற்றுதற்கென 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்பை ஏற்படுத்திச் சில பாடசாலைகளை நடத்தினர். அரசாங்கம் இவ்விடயத்திற் காலெடுத்து வைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 1905இல் ஓர் ஆணைக்குழு தொடக்கக் கல்வியை ஆராய்ந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் தோட்டங்களையும் ஒரு பகுதியிற் குறிப்பிட்டது. ஆனால் அதனை வலிந்து நடைமுறைப்படுத்துவார் இலர். பின்னர் 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதலைத் தோட்டத் துரையின் கடமையாக்கிற்று.

இச்சட்டத்தை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அது ஒரு கதவைத் திறந்தது உண்மை. அதன்பின் தோட்டப் பாடசாலைகள் தொகையிற் பெருகின. ஆயினும் அக்கதவின் அளவை அச்சட்டமே வகுத்துவிட்டது. முதலாவது, எல்லை பத்து வயது. வேறிடத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வியின் எல்லை அதனினும் நீண்டிருந்தது. பத்து வயதிற் பள்ளி இடாப்பிலிருந்து நீங்கும் பெயர் செக்றோலில் ஏறுவதற்கு ஏற்றதாயிருந்தது. இரண்டாவது, மொழி. அரசாங்க உத்தியோகமும் தோட்டக் கந்தோர் உத்தியோகமும் ஆங்கிலம் கற்றார்க்கே உரியனவாயிருந்த காலத்தில், தாய்மொழியில் நான்கு ஐந்து ஆண்டுக் கல்வி எந்த உத்தியோகத்துக்கும் வழிகாட்டவில்லை. மூன்றாவது, பொறுப்பு. பாடசாலையை நடத்தும் கடமை, பிள்ளைகளின் உழைப்பால் ஆதாயமடையும் நிருவாகத்தினிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பது பொது நிலையாயிற்று.

ஆங்கிலப் பாடசாலைகள் அட்டன், நுவரெலியா போன்ற நகரங்களில் இருந்தன. அங்கே சம்பளம் கட்டிப் படிக்கவும் தங்கவும் வசதி பெற்றவர் பெரும்பாலும் பெரிய கங்காணிமாரின் பிள்ளைகளும் கணக்கப்பிள்ளைமாரின் பிள்ளைகளுமாவர். மலைநாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளரும், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராய்த் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளை, பெரிய கங்காணி ஒருவரின் பேரன். அவர் தம் கல்வியைத் தம் மக்களின் துயரை உலகறியச் செய்யப் பயன்படுத்தினார். அவர் பெருமைக்கு இதனாற் குறைவில்லை. எனினும், அடுத்த காம்பராவிற் பிறந்த ஒரு பிள்ளைக்கு அத்தகைய திறமை இருந்திருப்பினும் அது வெளிப்பட வழியிருந்திராது என்பதை அவர் வாழ்க்கையே நமக்கு உணர்த்துகின்றது.

1945 ஒக்டோபர் 1ஆந் தேதி தொடங்கிய இலவசக் கல்வி இலங்கையின் வரலாற்றில் ஒரு பொன்னாள் என்று கொண்டாடப்படுவது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் ஏழை விவசாயியின் மகனும் பல்கலைக்கழகம் செல்லும் வழி திறந்தது. அவ்வழி தோட்டத்தின் எல்லைவரை வந்து நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ்க் கொணர 1947இல் சட்டம் இயற்றப்பட்டும், மிகச் சிலவே அங்ஙனம் ஏற்கப்பட்டன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் நாட்டின் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. பின்னர், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களே அரசுடைமையாயின. அதன்பின்னரே, 1977 முதலாகப் படிப்படியாக, தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வி முறையினுட் சேர்ந்தன. இலவசக் கல்வி தோட்டத்துப் பிள்ளையை வந்தடைய முப்பதாண்டுகளுக்கு மேற் சென்றது. முப்பதாண்டு என்பது ஒரு தலைமுறை.

வாக்காளர் இடாப்பு

இத்தாமதத்தின் காரணத்தை மூன்றாவது ஏட்டிற் காணலாம். 1931இல் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினரும் அதனைப் பெற்றனர். அதே ஆண்டில் அட்டனில் தோட்டத் தொழிலாளர்க்கென முதன்முதற் சம்மேளனம் அமைத்த கோ. நடேசையர், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர்.

அந்நிலை நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பிரசாவுரிமை கோரி விண்ணப்பித்தனர்; அதனைப் பெற்றவர் ஏறத்தாழ 134,000 பேரே. ஏனையோர் எந்நாட்டினர் என்ற வினாவுக்கு விடையில்லாதவராயினர். இச்சட்டங்களை முன்னிட்டு எழுந்த கருத்து வேற்றுமையாலே எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து விலகி, 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார் என்பது வடபகுதி மாணவர் அறிந்த செய்தியே.

வாக்குரிமை அரசியல்வாதிக்கு உரியது. அதற்கும் பாடசாலைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. வாக்கில்லாத இடத்துக்குப் பாடசாலை கேட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து பேசுவார் இலர். பிரசாவுரிமை இல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. எனவே, எப்படியோ படித்து முடித்தவனுக்கும் படிப்பின் பயன் கிட்டவில்லை. அதனைக் கண்ட அடுத்த வீட்டார், "படித்து என்ன கண்டான்?" என்று கேட்டனர். அக்கேள்வியை நாட்டமின்மை என்று நாம் தவறாகப் பொருள் கொண்டோம்.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, 975,000 மக்களைப் பகுத்து, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். இக்கணக்கு எழுதப்பட்டபோது அம்மக்களின் கருத்தைக் கேட்டவர் இலர். பிரிவோரை ஏற்றித் தலைமன்னார் நோக்கிச் சென்ற புகைவண்டியை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்தனர். என்று கப்பலேறுவோம் என்று அறியாத குடும்பம் பிள்ளையை எவ்வகுப்பில், எந்நம்பிக்கையோடு சேர்க்கும்? 1953ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறத்தாழ 974,000 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் ஏறத்தாழ 818,000 ஆகக் குறைந்தது; நாட்டின் மக்கட்டொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டாய் இருந்த பங்கு ஐந்தரையாயிற்று.

இந்நிலையிலும் விளக்கேற்றியோர் இருந்தனர். அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராயும் அதிபராயும் விளங்கிய இர. சிவலிங்கம் போன்றோர் 1960களில் ஒரு மாணவர் தலைமுறையையே தட்டி எழுப்பினர். 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவானதும், தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தமை கவனித்தற்குரியது. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தீர்ந்தது. ஜெர்மனியின் உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலைநாட்டுக்கு வேண்டிய ஆசிரியரை மலைநாட்டிலேயே பயிற்றத் தொடங்கிற்று.

கனவும் கணக்கும்

மூன்று ஏடுகளிலும் பெயர் ஏறிவிட்டது. இனித் தடை யாது என்று கேட்கலாம். இக்கட்டுரையாளன் அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து லயத்திற் பிறந்தவன். உயர்தரப் பரீட்சை முடிந்தபின், ஒரு நேர்முகப் பரீட்சைக்கு வந்த அழைப்புக் கடிதம் அப்பரீட்சை முடிந்து நான்காம் நாள் கைக்கு வந்தது. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் மூலமேனும் வீடு சேரும். எவர்மீதும் குறைகூற இதனை எழுதவில்லை. அக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தந்தையார் கூறியது ஒன்றே: "நம்ம பேரு சரியாத்தான் எழுதியிருக்கு." அவர் செக்றோலில் மட்டுமே தம் பெயரைக் கண்டவர். பின்னர், ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே இரவு வேளைகளிற் படித்து வெளிவாரிப் பட்டம் பெற இவனுக்கு ஒன்பதாண்டுகள் ஆயின.

இன்று பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு நாற்பது நாடளாவிய தகுதிப்படியும், ஐம்பத்தைந்து மாவட்டங்களின் மக்கட்டொகைப்படியும், ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. இஃது ஓர் உதவியே. ஆனால் மாவட்டம் வேறு, தோட்டம் வேறு. உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் நகரத்தில் உள்ளன. தோட்டத்துப் பிள்ளை அங்குச் சென்று சேர்ந்தாலன்றி மாவட்டப் பங்கின் பயன் அப்பிள்ளைக்குக் கிட்டாது. ஆசிரியர் பற்றாக்குறையை நீக்க 2014ஆம் ஆண்டையடுத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர் 'ஆசிரியர் உதவியாளர்' என்று தோட்டப் பாடசாலைகளுக்குத் தெரிவுசெய்யப்பட்டபோது, அவர்க்குத் தொடக்கத்தில் வழங்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். கற்றவனுக்கும் அரைப்பேர் போடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை போலும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். சாதாரணதரப் பரீட்சையில் விஞ்ஞானத்தில் மிக உயர்ந்த சித்தி பெற்றவள், உயர்தரத்திற் கலைப்பிரிவைத் தெரிந்தாள். காரணம் கேட்டேன். "உயிரியல் படிக்கத்தான் ஆசை, சேர். டவுனுக்கு ரெண்டு பஸ் ஏறணும். மாசம் எவ்வளவு ஆகும்னு தாத்தா கணக்குப் போட்டுப் பார்த்தாரு" என்றாள். அவள் தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்பவர். அனுப்பும் பணம் தம்பிமார் இருவர்க்கும் மருந்துக்கும் கடனுக்கும் போய்விடும். எம் பாடசாலைப் பழைய மாணவர் நால்வர் பஸ் கட்டணத்தை ஏற்றுக்கொண்டனர். அவள் நகரப் பாடசாலையிற் சேர்ந்து உயிரியல் படித்தாள். நால்வருள் ஒருவரையும் அத்தொகை வருத்தவில்லை. ஆனால் அவளுக்கு அடுத்த இருக்கையில் இருந்து, அவளுக்கு நிகராகக் கணக்குச் செய்த மாணவி அதே மாதம் கொழும்புக்கு வேலைக்குச் சென்றாள். அவளைப் பற்றி நாங்கள் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஈண்டு மற்றொன்றையும் மறைக்காமற் கூறுதல் கடனாகும். மலைநாட்டுச் சிறுவர் சிறுமியர் வேலைக்கு வைக்கப்பட்ட வீடுகள் கொழும்பில் மட்டுமன்றி வடபகுதித் தமிழரிடையேயும் இருந்தன. வீட்டுப் பிள்ளைகள் பாடம் படிக்கையில் அடுக்களையில் நின்ற பிள்ளையும் அதே வயதினது, அதே மொழியினது. மலைநாட்டுப் பாடசாலைகளில் வடபகுதி ஆசிரியர் பலர் ஆண்டுக்கணக்கில் தங்கி அரும்பணி ஆற்றியதை எத்துணை நன்றியோடு நினைக்கின்றோமோ, அத்துணை நேர்மையோடு இதனையும் நினைத்தல் வேண்டும். தடை அனைத்தையும் அரசாங்கமும் துரையுமே இட்டனர் என்று கூறின் அது முழு வரலாறாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் கருத்து இதுவே: தோட்டத்துப் பிள்ளையின் முன்னே நின்ற தடைகள் விதியால் வந்தனவல்ல, அப்பிள்ளையின் இயல்பால் வந்தனவுமல்ல. இன்ன ஆண்டில், இன்ன சட்டத்தால், இன்ன கூலிக் கணக்கால், இன்ன முகவரிக் குறையால் உண்டானவை என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் கூற இயலும். சுட்டிக் கூற இயலும் தடையை நீக்கவும் இயலும். துண்டு முறை நீங்கிற்று. பத்து வயது எல்லை நீங்கிற்று. நாடற்றோர் என்ற நிலை நீங்கிற்று. ஒவ்வொன்றும் நீங்குமுன் அது நீங்காதென்று கூறியோர் இருந்தனர்.

இம்மலரைப் படிக்கும் ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளை இரு வாரம் வராவிடின், இடாப்பில் வரவின்மைக் குறியிட்டு அமையாது, அதன் வீட்டுக் கணக்கு என்னவென்று ஒருமுறை கேட்டறிதல் நன்று. பழைய மாணவர்க்கு வேண்டுகோள், பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பஸ் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் ஒதுக்குக என்பது. மாணவர்க்குக் கூற வேண்டியது, உங்கள் பெயர் இக்கல்லூரியின் இடாப்பில் நிற்பதற்கு உங்கள் திறமையோடு வேறு பலவும் துணைநின்றன என்பதே. மலைநாட்டில் நாளை விடியுமுன்னும் பெரட்டுக்களத்துக்குத் தாய்மார் புறப்படுவர். அவர் காம்பராக்களிற் பிள்ளைகள் வெள்ளைச் சட்டை அணிந்து, புத்தகப் பையோடு, பனியில் நடக்கத் தொடங்குவர். அந்நடை ஐந்தாம் வகுப்போடு நிற்குமா, பத்தோடு நிற்குமா, அதற்கு அப்பாலும் செல்லுமா என்பதில் நமக்கும் பங்குண்டு.